காலி சம்ப்பும் ஒரு படகுதான்

வா மருமவனே, உக்காரு. மனையில சம்ப்புக்குக் குழி எடுக்கப் போறியாம், தண்ணி இறைக்க டவுன் காண்ட்ராக்டர் வர்றானாம். மனையப் பாக்காமலே போன்ல ரேட்டு சொல்லிட்டானாமே? விட்டுடாத, அவனையே பிடி. ஏரியில வலை போடுற நாமே தண்ணி நிறத்தப் பாத்துட்டுத்தான் இறங்குறோம். பாக்காமலே சொல்றான்னா அவனுக்கு ஞானதிருஷ்டி!

நம்ம பழவேற்காட்டுல மண்ணைக் கீறினா தண்ணி. 1613ல டச்சுக்காரன் கெல்ட்ரியா கோட்டை கட்டிச் சுத்தி அகழி வெட்டினான். அகழித் தண்ணி இன்னும் கிடக்கு, கோட்டையத்தான் தேடணும்.

கூலிய நாள் கணக்குல பேசு. நாள்கூலிக்கு இறைக்கிறவனுக்கு ஊத்துதான் குலதெய்வம், அது வத்த விடமாட்டான். இறைச்ச தண்ணிய எங்க விடுறேன்னும் கேக்காத. வேலியோரமா விட்டான்னா மணல் வடிகட்டி மறுபடி உன் குழிக்கே கொண்டாந்து சேர்த்துடும். ஒரே தண்ணிய பத்து தடவ இறைச்சுக் காசு வாங்குறான் பாரு, ஒரே மீனப் பத்து தடவ விக்க நமக்குத் தெரியலையே!

வெல்பாயிண்ட்னு ஒண்ணு இருக்காம். குழியச் சுத்தி நுனியில சல்லடை வச்ச குழாய்ங்கள இறக்கி, ஒரே பம்பால உறிஞ்சுவாங்க. 15, 20 அடி ஆழம் வரைக்கும் தாங்கும். மணல் அங்கயே நிக்கும், தண்ணி மட்டும் வரும். இது எதுக்கு நமக்கு? வெறும் மோட்டார குழியில இறக்கச் சொல்லு. தண்ணியோட மணலும் வரும். எந்த வீட்டு அஸ்திவார மணலுன்னு கேட்டா, பக்கத்து வீட்டு அத்தை சொல்லும், சுவரு விரிசல் விட்டப்புறம்.

அதவிட வேடிக்கை வேலை முடிஞ்சப்புறம். கான்கிரீட் போட்ட அன்னிக்கே மோட்டார நிறுத்திட்டு அவன் கிளம்பிடுவான். ராத்திரி ஊத்து ஏறும். மேல பாரமில்லாத காலி சம்ப்னா என்ன மருமவனே? படகுதான். உங்கப்பன் கட்டுமரத்த மிதக்க விட்டான், நீ கான்கிரீட்ட மிதக்க விடப் போற. பேரு வச்சுப் பதிவு பண்ணிடு, டீசல் மானியம் கிடைச்சாலும் கிடைக்கும்.

ஒண்ணு மட்டும் சிரிக்காமச் சொல்றேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்னிக்கு வேளச்சேரியில கட்டடத்துக்கு வெட்டின 50 அடிப் பள்ளம் சரிஞ்சுது. தண்ணிக்குள்ள ரெண்டு பேரு போனாங்க. சில நாள் கழிச்சுத்தான் உடலெடுத்தாங்க. மழை மாசத்துல குழி வெட்டாத.

அப்புறம் நம்ம நல்ல தண்ணி. உப்புத்தண்ணி மேல அது எண்ணெய் மாதிரி மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நின்னா கீழ சுமார் 40 அடி இருக்குமாம். மேல ஒரு அடி உறிஞ்சிட்டா கீழ உப்பு எவ்வளவு ஏறும்னு நீயே கணக்குப் போடு. மீஞ்சூர்ப் பக்கம் பட்டணத்துக்குன்னு போர் போட்டு உறிஞ்சினதுல கடலே நிலத்துக்குள்ள வந்துச்சு. அப்புறம் 2010ல காட்டுப்பள்ளியில கடல்தண்ணிய உப்பு நீக்கிக் குடிதண்ணியாக்க ஆலை வந்துச்சு, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். ஏரியில வலை போட வீட்டுக்கு வீடு முறை பிரிச்சுப் ‘பாடு’ன்னு வச்சிருக்கோம். மண்ணுக்குக் கீழ இருக்கிறத மட்டும் மோட்டார் வச்சவன் பாடுன்னு விட்டுட்டோம்.

சரி, உன் காண்ட்ராக்டர் என்னிக்கு வர்றான்? சொல்லியனுப்பு. ஒரு சொம்போட வர்றேன். அவன் குழாய்த் தண்ணியப் பிடிச்சு அரை மணி வச்சா அடியில மணல் நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுடும். அதுவரைக்கும் அட்வான்ஸ் உன் மடியிலயே இருக்கட்டும்.