மனசுக்குள் ஒரு கும்பாபிஷேகம்

கேள்வி: காலையில் ஒரு விளக்கு ஏற்றி, இரண்டு நிமிடம் கண்மூடி நிற்பேன். அவ்வளவுதான் என் பூஜை. ஹோமம், அன்னதானம், பேனர் என்று அமர்க்களப்படுத்தும் என் நாத்தனார், "உனக்குப் பக்தி போதாது" என்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நாத்தனாரை ஒருமுறை திருநின்றவூருக்கு அழைத்துப் போங்கள். சென்னையிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். பெரியபுராணத்துப் பூசலார் வாழ்ந்த ஊர் அது. கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பணம் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டார். சிகரம், கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. கற்பனைதானே என்று ஒரே நாளில் முடித்துவிடாமல் நாள் கணக்கில் கட்டினாரே, அந்த நேர்மைதான் என்னை உருக்குகிறது!

கட்டி முடித்ததும் அந்த மனக்கோயிலுக்குக் கும்பாபிஷேக நாளும் குறித்தார். காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் அதே நாளில் கும்பாபிஷேகம். சிவபெருமான் அரசன் கனவில் வந்து, "அன்று எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்" என்ற பொருளில் சொல்லிவிட்டார். அரசன் தேடி வந்து விசாரித்தால், ஊராருக்கே அப்படியொரு கோயில் தெரியாது. பூசலாரைக் கண்டுபிடித்து, காலில் விழுந்து வணங்கிவிட்டுத்தான் திரும்பினான்.

அன்னதானத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். பசித்தவருக்குச் சோறு போடுவது பெரிய பூஜை. பந்தியில் பரிமாறப் போய் நில்லுங்கள். பேனரில் உங்கள் படம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.