டீக்கடைப் பிராணாயாமம்

ஏண்டா பேராண்டி, பெங்களூரு போயி நீ யோகியாயிட்டேன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. நானும் நேத்து எலெக்ட்ரானிக் சிட்டி டீக்கடையில கண்ணால பாத்தேன். கண்ண மூடி, நெஞ்சு நெறைய இழுத்து, உள்ள நிறுத்தி, நிதானமா விட்டியே... ஜிகணி யோகா பல்கலைக்கழகத்துல வருசக்கணக்கா படிக்கிறவனுக்கும் அந்த லயம் வராது. வெரலிடுக்குல ஒன்னு பொகஞ்சுதே, அது ஊதுவத்தியா சாமி?

நெளியாத. பாதி வித்தை உனக்குக் கைவந்திருச்சு. நாற்காலிய விட்டு எந்திரிக்கிற, மேனேஜர் கண்ணுக்குத் தப்பி வெளிய வர்ற, அஞ்சு நிமிசம் ஆழமா மூச்சு விடுற. 'டென்சன் கொறையுது தாத்தா'ங்கிறியே, அதுல மூச்சுக்கும் பங்குண்டு. பேரு மட்டும் சிகரெட்டுக்குப் போவுது. இழுத்த பத்து நொடியில நிகோட்டின் மூளைக்கு ஏறிருது. ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல பாதி எறங்கிருது. அப்புறம் எரிச்சல், படபடப்பு. அத அடக்க இன்னொன்னு. வைக்கப்போருக்குத் தானே தீ வெச்சுட்டு, தானே கொடத்தோட ஓடியாந்து நல்ல பேரு வாங்குறவன் மாதிரி.

அதனால நீ டீக்கடைக்குப் போறத நிறுத்தாத. நமநமன்னு வர்ற ஆசை மூணு, அஞ்சு நிமிசம்தான் ஆடும். அந்நேரம் அதே எடத்துல நின்னு, நாலு எண்ணி மூக்கால இழு, ஆறு எண்ணி விடு. டீ மட்டும் வேணாம். டீ உள்ள போனா கை தானா பொட்டிக்கடைப் பக்கம் நீளும். அங்க ஒத்த சிகரெட்டா விக்கக் கூடாதுன்னு கர்நாடகா 2017லயே தடை போட்டுருச்சு. பொது எடத்துல ஊதுனா ஆயிரம் ரூவா வரைக்கும் அபராதம்னு 2025ல ஏத்தியும் விட்டாச்சு. உங்க கடைக்காரருக்குத்தான் சேதி இன்னும் எட்டல போல.

மூச்சு, தியானம்னு மட்டும் நம்பி மார்தட்டாத. நர்சு வேலை பாக்குற உங்கக்கா சொன்னா: 2022ல, மருத்துவ ஆராய்ச்சியத் தொகுத்துப் பாக்குற கோக்ரேன்காரங்க தியான ஆராய்ச்சியெல்லாம் பொடச்சுப் பாத்துட்டு, சிகரெட்ட நிறுத்த மத்த வழிகளவிட இது ஒசத்தின்னு சொல்ல ஆதாரம் பத்தலேன்னுட்டாங்களாம். தியானத்தோட நிகோட்டின் சூயிங்கமும் சேந்தா சாமி குத்தம் ஒன்னுமில்ல. ஓசூர் ரோட்டு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்னதும் மொகத்தச் சுளிக்காத. போதைப் பழக்கத்துக்குன்னே அங்க தனிப் பிரிவு இருக்கு. சிகரெட்ட நிறுத்த உதவுற 1800-11-2356க்குப் போட்டா காசில்லாம தமிழ்லயே பேசுவாங்க.

ஒரே சங்கடம், திங்கக்கெழம அந்த நம்பர்காரங்களுக்கு லீவு. நீ வருசம் பூரா 'வர்ற திங்கக்கெழமலேருந்து விட்டுர்றேன்'ங்கிற ஆளாச்சே! செவ்வாக்கெழமயே போடு. செவ்வாக்கெழம நல்ல காரியம் தொடங்கப்படாதுன்னு உங்க பாட்டி குதிப்பா, அவகிட்ட நான் பேசிக்கிறேன்.