உபசாரக் கேடு: ப்ளூபெரித் தொட்டி குறித்து ஓர் ஆராய்ச்சி

செடிக்கு உபசாரம் செய்தால் தழைக்கும், செய்யாவிட்டால் வாடும் என்பது தோட்டம் போடுவோர் அனைவரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தம். அதை முறியடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு தொட்டியும் ஒரு ப்ளூபெரிக் கன்றும் போதும். கொழுத்த மண், மட்கிய சாணம், குழாய்த் தண்ணீர், பனிக்காலத்தில் வீட்டுக்குள் கதகதப்பான மூலை என்று மற்ற செடிகளுக்கு எவையெல்லாம் உபசாரமோ அவையெல்லாம் ப்ளூபெரிக்கு உபத்திரவம் என்பதே யாம் நிறுவப் புகும் துணிபு. இதற்கு ‘உபசாரக் கேடு’ என்று பெயரிடுகிறோம். கோட்பாடு என்றால் பெயர் வேண்டுமல்லவா?

முதற்சான்று வரலாறு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மணலும் சதுப்புமாக, பயிருக்கு உதவாத நிலத்தில் தானாகக் காய்த்துக் கிடந்த புதர் இது. அதைப் பெயர்த்து வந்து நல்ல தோட்ட மண்ணில் நட்டு எருவிட்டுப் பார்த்தவர்கள் தோற்றார்கள். காரணத்தைக் கண்டவர் அமெரிக்க வேளாண்துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிள். இச்செடிக்கு வேண்டியது புளித்த மண், வளமான தோட்ட மண்ணே அதற்குப் பகை என்று 1910இல் வெளியான தம் ஆய்வேட்டில் அவர் காட்டினார். அதைப் படித்த எலிசபெத் வைட், நியூ ஜெர்சியில் கிரான்பெரிப் பண்ணை நடத்திய குடும்பத்துப் பெண், அவருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து உழைத்ததில் 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. நூறாண்டு கடந்தும், தொட்டி வாங்குகிறவர்களில் பலர் 1910க்கு முன்பே நின்றுவிட்டார்கள் என்பதுதான் எமக்கு வருத்தம்.

ப்ளூபெரி கேட்கும் மண்ணின் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. நடுநிலையான ஏழுக்கும் ஐந்துக்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று எண்ணற்க. அந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, இரண்டு படிக்கு நூறு மடங்கு. புளிப்பு போதாத மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இளம் இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, நடுவிலுள்ள இடமெல்லாம் மஞ்சள் பூக்கும். உபசாரி வந்து சேரும் இடம் இதுதான். சத்துக் குறைவு என்று சாணம் போடுகிறார். முட்டை ஓட்டை நொறுக்கித் தூவுகிறார். ஓட்டிலிருப்பது சுண்ணாம்புச் சத்து, மிச்சமிருந்த புளிப்பையும் அது தின்றுவிடும். கடினத் தண்ணீரை ஊற்றுகிறார். அதுவும் மெல்ல அதே வேலையைச் செய்யும். தரையிலென்றால் பல வருடம் பிடிக்கிற கேடு தொட்டியில் விரைவாக முடிந்துவிடுகிறது. “காபிச் சக்கை போட்டால் மண் புளிக்குமே?” என்பது கடா. விடை: காபியின் புளிப்பில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கிவிடுகிறது, சக்கை ஏறக்குறைய நடுநிலையானது. புளிப்பு போய்ச் சேர்ந்தது குடித்தவர் வயிற்றுக்கு, தொட்டிக்கு அன்று. செடிக்கு வேண்டியது பீட் பாசியும் பைன் பட்டைத் துண்டும் சேர்ந்த கலவை, மழைநீர், அளவோடு அம்மோனியம் சல்பேட். தோட்டக்காரர் பார்வைக்கு இது பஞ்சப்பாட்டு. ப்ளூபெரிக்குப் பிறந்த வீட்டுச் சாப்பாடு.

“அப்படியானால் செடியைக் கைகழுவி விடலாமே” எனின், அன்று. ப்ளூபெரியின் வேர் மேலாகவே ஓடுவது; மற்ற செடிகளுக்கு உள்ள வேர்த்தூவிகளும் அதற்குக் கிடையாது. ஜூலை வெயிலில் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும், காய்ந்தால் பிழைப்பது அரிது. உபசாரம் கேடு என்றோம். தண்ணீர் உபசாரம் அன்று, கடன். அதையும் தட்டில் தேங்கவிட்டால் வேர் அழுகும்.

பனிக்காலத்தைப் பற்றி ஆராய நியூ ஜெர்சித் தமிழர் வீடுகளில் நல்ல வசதியுண்டு. குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வரும், வராவிட்டால் பட்டுப்போகும். பாவம் பார்த்துப் பக்கத்திலுள்ள ப்ளூபெரியையும் தூக்கி வந்தால் போச்சு. வடக்கத்தி ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் சுமார் 800 முதல் 1,000 மணி நேரம் குளிர வேண்டும். கோவிள் இதையும் சோதித்தார். கண்ணாடி வீட்டுக்குள் இருந்த செடியின் ஒரு கிளையை மட்டும் துளை வழியே வெளியே நீட்டிவிட்டார். வசந்தத்தில் குளிரில் கிடந்த கிளை துளிர்த்தது; உள்ளே சுகமாக இருந்தவை உறங்கிக்கொண்டிருந்தன. “தொட்டியில் வேர் உறையாதா?” என்பது நியாயமான கேள்வி. தரையில் இருக்கும் செடிக்கு நிலமே போர்வை. தொட்டிக்கு நாலாபுறமும் காற்று. கடுங்குளிர் ஊரில் தொட்டியைச் சாக்கால் சுற்றிச் சுவரோரம் தள்ளலாம், ஹீட்டர் இல்லாத கராஜில் வைக்கலாம். வரவேற்பறை மட்டும் கூடாது.

எஞ்சியது பழம். முதலாண்டில் வெள்ளை மணிகளாகத் தொங்கும் பூவையெல்லாம் கிள்ளிப் போட்டால்தான் செடி தன்னைக் கட்டிக்கொள்ளும். இதைச் செய்ய மனம் வருபவர் சிலரே. பிறகு காய்த்து நீலம் ஏறினாலும் உடனே பறிக்கலாகாது. காம்படியில் தெரியும் சிவப்பு மறையச் சில நாள் விட வேண்டும்; பறித்தபின் இனிப்பு ஏறாது. சும்மா இருக்க வேண்டிய அந்தச் சில நாளில்தான் ராபின் பறவை வருகிறது. எம் கோட்பாடு இங்கு மட்டும் விலக்கு அளிக்கிறது: வலை போட்டாக வேண்டும். செடிமேல் படும்படி போர்த்தினால் பறவை வலைமேல் உட்கார்ந்தே கொத்தும். நாலு குச்சி நட்டு, உயர்த்திக் கட்டி, அடியையும் இறுக்க வேண்டும். காம்படிச் சிவப்பையெல்லாம் ராபின் பார்ப்பதில்லை.