கால் வழங்கும் பெருவிழா

மேடைக்கு ஆறு படி. சாய்தளம் கிடையாது. பந்தல்காரரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மேலே வெள்ளைத் துணி விரித்த மேசையில் செயற்கைக் கால்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் கணுக்காலிலும் பெயர்ச்சீட்டு. கால் இல்லாதவர் அந்த ஆறு படியையும் ஏறினால்தான் கால் கிடைக்கும். இரண்டு தொண்டர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். மாண்புமிகு, கோப்பையை நீட்டுவதுபோல் காலை நீட்டுகிறார். "ஐயா, இந்தப் பக்கம்... கேமராவைப் பாருங்க!" இடது காலா வலது காலா என்று அவரும் பார்க்கவில்லை. மறுநாள் நாளிதழில், 'மறுவாழ்வு பெற்றனர்.'

நடந்தார்களா? அதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. உள்ளே பந்தி ஆரம்பித்துவிட்டது.

வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். முதல் வருஷம் அது சுருங்கிக்கொண்டே வரும். அதைப் பொருத்திக்கொள்ளும் உறைதான் சாக்கெட். முகாமில் மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்த சாக்கெட் சில மாதங்களில் தொளதொளத்துவிடும். சாக்ஸ் மேல் சாக்ஸ் மாட்டிச் சமாளிப்பார்கள். சித்திரை வெயிலில் வியர்வை ஊறி, தோல் உரிந்து, ஒவ்வோர் அடிக்கும் ஸ்டம்ப் உள்ளே ஏறி இறங்கும். சாக்கெட்டை மாற்ற வேண்டும். யாரிடம் போவது? பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றியாயிற்று.

இப்போது கால் வாங்கியவர் நடையைப் பாருங்கள். பிடிமானம் தளர்ந்து செயற்கைக் கால் கீழே இறங்கினால் அது நீளமாகிவிடும். நல்ல காலின் நுனிவிரலில் எம்பினால்தான் அதைத் தரையிலிருந்து தூக்க முடியும். செயற்கை முழங்கால் எந்த நேரம் மடங்கிக் கவிழ்த்துவிடுமோ என்று பயப்படுபவர் அதைப் பூட்டிவைத்து, காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி நடப்பார். சாக்கெட் தொடையில் குத்தினால் உடம்பை அந்தப் பக்கம் சாய்ப்பார். விவரம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பத்தடி நடக்கச் சொன்னாலே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். தெருவுக்கு அந்தச் சிரமம் இல்லை. எம்பினாலும் வீசினாலும் சாய்ந்தாலும் ஒரே பட்டம்தான்: நொண்டி. அளவைக் கெடுத்தவருக்குப் பட்டம் ஏதும் கிடையாது. பொன்னாடை உண்டு.

முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டவருக்கே நடக்க ஏறத்தாழக் கால் பங்கு கூடுதல் சக்தி செலவாகிறது. மேலே வெட்டுப்பட்டவருக்குப் பாதிக்கும் மேல். அந்த மூச்சை வைத்துக்கொண்டு நம் நடைபாதையைக் கடக்க வேண்டும். நடுவில் டிரான்ஸ்பார்மர், மூடியில்லாத வடிகால், நிறுத்திவைத்த பைக்குகள், மாண்புமிகுவை வரவேற்கக் கொடிக்கம்பம் நட்டுவிட்டு மூடாமல் போன குழி.

1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் செய்த வேலை இந்த நேரத்தில் நினைவுக்கு வந்து எரிச்சலூட்டுகிறது. வெளிநாட்டுச் செயற்கைப் பாதத்துக்கு ஷூ வேண்டும். நம் ஆளோ வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர், சம்மணம் போடுகிறவர், குத்துக்காலிட்டு உட்காருகிறவர். அதைப் பார்த்துத்தான் அவர்கள் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். அவர்கள் முதலில் மனிதரைப் பார்த்தார்கள். நாம் போட்டோ பிடிக்கத் தோதான கோணத்தைப் பார்க்கிறோம்.

சரி, நன்றாக நடந்துவிட்டால் தொல்லை விடுமா? 1981-ல் பேருந்து விபத்துக்குப் பிறகு காலை இழந்து, அந்த ஜெய்ப்பூர் காலோடு மேடையேறிப் பரதம் ஆடியவர் சுதா சந்திரன். நாடே கைதட்டியது. 2021-ல் அவரே, விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கு வீடியோவில் முறையிட வேண்டிவந்தது. விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்புக் கேட்டது. கழற்றச் சொல்லக் கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருக்கிறது!

காலை இழந்த இவர்களாவது கணக்கில் வந்தவர்கள். சர்க்கரைப் புண்ணில் பாதத்தின் முன்பகுதியை இழந்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உந்தி எழ முன்பாதம் இல்லாததால் குதிகாலைத் தட்டித் தட்டித்தான் அவர் நடக்கிறார். பாரமெல்லாம் மற்றக் காலுக்குப் போகிறது. அதிலும் உணர்ச்சி மரத்திருப்பதால் புதுப் புண் வந்தாலும் தெரிவதில்லை. ஆனால் ஊனச் சான்றிதழ் மேசையில் யாரும் நடக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை, ஊன சதவீத அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள். விரல்கள் அத்தனையும் போனால் 20 சதவீதம். முன்பாதம் போனால் 30. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை ஒதுக்கீடு முதலான சலுகைகளுக்கு 40 வேண்டும். ஆகவே, ஐயா, உங்களுக்கு ஊனம் போதாது. கவலை வேண்டாம், புண் இன்னும் ஆறவில்லையே! அடுத்த தடவை நடுப்பாதம் வரை எடுத்துவிடுவார்கள். அட்டவணையில் அதற்குச் சரியாக 40. இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு அப்போது வாருங்கள்.