பந்து ஒன்னுது, பல்லு மெசினுது

ஏம்ப்பா தம்பி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? பரீட்சையில கோட்டா? இல்ல, பொண்ணு வேண்டாம்னுடுச்சா? ரெண்டும் இல்லையா! பௌலிங் பந்துல கீறலா? அட என் சாமி. சரி, ஒரு தே ஓ சொல்லு, ஒக்காந்து பேசுவோம்.

நான் கம்மாக்கரையில கோலிகுண்டு உருட்டுன ஆளு. குண்டு ஒடஞ்சா இன்னொரு குண்டு. அதுக்கு மேல வெசாரணை கெடையாது. ஒனக்கு அப்படியா? பந்தே 300, 400 வெள்ளி. அத இழுத்துட்டுப் போகச் சக்கரம் வச்ச பொட்டி. தொடைக்க ஒரு துண்டு. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. சப்பாத்துல ஒரு காலு வழுக்கணுமாம், இன்னொரு காலு நிக்கணுமாம். வெரலுக்கு அளவெடுத்துத் தொளை வேற போட்டுக் குடுத்திருக்கான். இத்தன வயசுக்கு என் காலுக்கு ஒருத்தனும் அளவெடுத்துச் செருப்புத் தைக்கல. ஒன் கட்டவெரலுக்குத் தையக்கூலி!

2002ல பூசான் ஆசிய வெளையாட்டுல நம்ம ரெமி ஓங் பௌலிங்ல மூணு தங்கம் அள்ளிட்டு வந்தாரு. அவரு பந்துல கீறல்னா ஊரே பதறலாம். நீ போன வாரம் வீசினதுல பாதி ஓரத்துச் சாக்கடையிலதான ஓடிச்சு?

சரி விடு. பந்து பல்லுத் தடத்தோட திரும்பி வந்துச்சு. கவுண்டர்ல போயிக் கேட்ட. அந்தப் பையன் வாயே தொறக்கல. சுவத்தக் காட்டினான். 'உடைமைகளுக்கு நேரும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' நீயும் வாய மூடிக்கிட்டுப் பஸ் ஏறி செம்பவாங் வந்துட்ட. ஏன்டா, தகரத்துல எழுதினா வேதமாயிடுமா? நாளைக்கு நானும் 'வழுக்கி விழுந்தா கெழவன் பொறுப்பில்ல'ன்னு வாசல்ல எழுதி மாட்டிட்டு, புளோக் நடையில எண்ணெய ஊத்தி விடவா?

மொதல்ல லேன் கடைசியில இருக்கிற திரைக்குப் பின்னால என்ன கூத்து நடக்குதுன்னு தெரியுமா? 60 அடி ஓடிப்போயிப் பின்ன இடிச்சதோட ஒன் பாடு முடிஞ்சுது. பந்து குழியில விழுந்து, பின்னால தொங்குற மெத்தையில முட்டும். கீழ ஓடுற பட்டை பந்தையும் விழுந்த பின்னையும் சேத்து இழுத்துட்டுப் போகும். பந்து மட்டும் நொழையிற மாதிரி ஒரு கதவு. அதத் தாண்டினா, சுத்துற பெல்ட் ஒண்ணு புடிச்சு ஒரு உந்து உந்தும். அப்புறம் தரைக்குக் கீழ தண்டவாளத்துல உருண்டு வரும். இந்தப் பக்கம் வந்ததும் இன்னொரு மெசின் அலாக்காத் தூக்கி மேல விடும். பெரிய பந்துன்னா 16 பவுண்டு, ஏழேகால் கிலோ இருக்கும். ராத்திரி முச்சூடும் இதே பொழப்பு. வழியில ஒரு திருகாணி தலை தூக்கினாப் போதும். பெல்ட் ஓரம் பிஞ்சாப் போதும். ரப்பர் தேஞ்சு உள்ள இருக்கிற இரும்பு எட்டிப் பாத்தாப் போதும். ஒடஞ்ச பின்னோட சில்லு தடத்துல சிக்கினாலும் போதும். ஒன் பந்து வாங்கிக் கட்டிக்கும்.

முந்தியெல்லாம் அங்க ஒரு பையன் ஒக்காந்திருப்பான். விழுந்த பின்ன நிமித்தி வைப்பான், பந்தக் கையால உருட்டி விடுவான். 1946ல ஏஎம்எஃப்னு அமெரிக்கக் கம்பெனி, தானா நிமித்துற மெசினக் கொண்டாந்து காட்டிச்சு. 1950கள்ல அது கூடங்கூடமா வந்து எறங்கினதும் பையனுக்கு வேலை போச்சு. பையன் பந்தக் கீழ போட்டா காதப் புடிச்சுத் திருகலாம். மெசினுக்குக் காது எங்கடா இருக்கு?

ஒன் பந்து மேலயும் கொறை இருக்கு, கேட்டுக்க. அந்தக் காலத்துல கெட்டி ரப்பர், அப்புறம் பிளாஸ்டிக். கூடத்துல வாடகைக்குக் கெடக்குதே, அது இன்னைக்கும் பிளாஸ்டிக்தான். யானை மிதிச்சாலும் சும்மா கெடக்கும். 1990கள்லேருந்து ரியாக்டிவ் ரெசின்னு ஒண்ணு வந்துச்சு. எண்ணெ தடவின தரையக் கவ்வி, கடைசியில வெடுக்குனு வளையணுமாம். அதுக்காக மேல்தோல மெதுவா வச்சான். கவ்வுற தோலு கீறாம இருக்குமா? வாங்கும்போது எப்படி வளையுது பாருங்கன்னு பூரிச்சியே, அப்பவே இதையும் கேட்டிருக்கணும்.

எல்லாக் காயமும் மெசின் குடுத்த காயம் இல்ல. உச்சி வெயில்ல கார் டிக்கிக்குள்ள பந்தப் பூட்டி வச்சிட்டு, வெடிப்பு விட்டுதுன்னா யார் மேல பிராது குடுப்ப? சூரியன் மேலயா? கருப்பா பெல்ட் தடம் ஒட்டியிருக்கா? அது சேதமில்ல, அழுக்கு. தொடைடா. அப்புறம், விழுந்த பின்ன ஒதுக்குற தள்ளுகட்டை கீழ எறங்கி நிக்கும்போதே அவசரப்பட்டு வீசினியே, ஞாபகம் இருக்கா? அந்தக் கணக்குப் பாத்தா காசு நீதான் எடுத்து வைக்கணும்.

கோயில் வாசல்ல நீயா கழட்டிப் போட்ட செருப்பு காணாமப் போனா அய்யரப் போயிக் கேப்பியா? ஆனா டோக்கன் குடுத்துக் கையில வாங்கி வச்சானே, அவனக் கேப்பேல்ல? திரைக்குப் பின்னால போன பந்து யாரு கையில இருக்கு? ஒன்ன உள்ள விடுவானா? 'உள்ளே வராதே'ன்னு அதுக்கும் ஒரு தகரம் மாட்டி வச்சிருக்கான். ஒருத்தன் மட்டுமே போயி எண்ணெ போட்டு, திருகாணி முடுக்குற எடத்துல கடி விழுந்தா, மொதல்ல பதில் சொல்ல வேண்டியவன் அந்த ஒருத்தன்தான?

இது என் வாய்ச்சவடால் இல்லடா. 1960கள்ல மெட்ராஸ்ல ஒரு சலவைக் கடைக்கு வந்த சேலை தொலஞ்சு போச்சு. தொலஞ்சா பாதி வெலைதான் தருவோம்னு ரசீதுல அச்சடிச்சிருந்தான். உயர் நீதிமன்றம் அந்த வரிய ஒத்துக்கல. பாதி வெலையக் குடுத்துட்டுப் புதுச் சேலைய அமுக்கிக்கிறது நல்ல யாவாரமாயிடுமேன்னு கேட்டுது. அதுக்கும் முன்னாடி, 1949ல, லண்டன்ல ஒரு ஹோட்டல் கேசு. தங்க வந்த அம்மாகிட்டக் கீழ கவுண்டர்லயே காச வாங்கிட்டான். 'பொருள் போனா பொறுப்பில்ல'ங்கிற நோட்டீசு மேல ரூமுக்குள்ள ஒட்டியிருந்துச்சு. ரோமக் கோட்டு திருட்டுப் போச்சு. காச வாங்கினப்புறம் காட்டுற நோட்டீசு செல்லாதுன்னு தீர்ப்பு. இப்பச் சொல்லு, ஒன் கூடத்துத் தகரம் எங்க தொங்குது? காசு கட்டுற எடத்துலயா, கக்கூசு போற வழியிலயா?

நம்ம சிங்கப்பூர்லயும் 1977ல இங்கிலீசுக்காரன் போட்ட நியாயமில்லா ஒப்பந்த விதிகள் சட்டம் ஓடுது. 1993லேருந்து அது நம்ம ஊரு சட்டம். கவனக்கொறைவால மனுசன் ஒடம்புக்கோ உசுருக்கோ கேடு வந்தா எந்த போர்டும் காப்பாத்தாது. பொருளுக்குச் சேதம்னா, போர்டுல இருக்கிறது நியாயமா இல்லையான்னு பாத்துத்தான் ஏத்துக்குவாங்க. ஆனா மெசின் மோசமாக் கெடந்துச்சுன்னு நீ காட்டணுமே. 'என் பந்து, என் மனசு'ன்னு அழுதா யாரு கேப்பா?

காட்டுறதுக்கு நாள் நேரம் உண்டு. வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்புட்டு, லைட்டப் போட்டு நாலு பக்கம் படம் புடிச்சு, இன்ஸ்டாகிராம்ல அழுது, மூணாம் நாள் புகார்க் கடுதாசி எழுதுறியே, அதுக்குள்ள அந்தத் திருகாணிய முடுக்கிட்டுப் போயிருப்பான். நான் கப்பல் பட்டறையில பிட்டரு. இந்தச் செம்பவாங்ல வெள்ளக்காரன் 1938ல தொறந்த பெரிய டாக்கு, 1968ல கைமாறி ஷிப்யார்டாச்சு. டாக்குக்குள்ள கப்பல் வந்ததும் மொத வேலை, ஒடம்புல இருக்கிற பள்ளம் சொட்டையெல்லாம் ரெண்டு பக்கத்து ஆளும் நின்னு பாத்து எழுதிக்கிறதுதான். நீயும் வீசுறதுக்கு முன்னாடி பந்தத் தொடைக்கிறேல்ல? தொடைக்கிற சாக்குல சுத்திப் பாரு. கடி தெரிஞ்சா அங்கயே நிறுத்து. எத்தனாம் நம்பர் லேன், எத்தன மணின்னு எழுதிக்க. மெசின் பாக்குற ஆளக் கூப்புடு. கவுண்டர் பையன் இல்ல, கையில கிரீசு இருக்கிறவன். அவன்கிட்ட எகிறாத. அண்ணே, கொஞ்சம் உள்ள பாருங்கன்னு சொல்லு. அவனுக்கே தெரியும் எங்க கடிக்குதுன்னு. பாதி நேரம் நேத்தே இன்னொருத்தன் பந்தும் அங்க கடிபட்டிருக்கும்.

காசு எவ்வளவு கேப்ப? புதுப் பந்தா? ரெண்டு வருசம் வீசி மழுங்கினதக் குடுத்துட்டுப் புதுசு கேட்டா, அந்தச் சலவைக்கடைக்காரனுக்கு நீ தம்பி. பள்ளத்த அடைச்சு, தேச்சு, பாலிஷ் போடுற கூலியக் கேளு. அது நியாயம். ஒடஞ்சே போச்சுன்னா, அன்னைக்கு அந்தப் பழைய பந்து என்ன வெல போகுமோ அதக் கேளு.

தரலேன்னா வக்கீல் நோட்டீசா? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்னு ஒண்ணு இருக்கே, அங்க வக்கீலுக்கே எடமில்ல. 5,000 வெள்ளி வரைக்கும் நம்ம மாதிரி ஆளுக்கு 10 வெள்ளிதான் கட்டணம். ரெண்டு வருசத்துக்குள்ள போகணும். ஆனா ஒண்ணு, அரை நாள் லீவு போட்டுப் போயி நிக்கிற கூலியையும் கணக்குல சேத்துக்க.

பெரும்பாலும் அந்த மேனேஜரு அவ்வளவு தூரம் விடமாட்டாரு. சிரிச்சிட்டே வந்து ரெண்டு ஆட்டத்துக்கு இலவசக் கூப்பன் நீட்டுவாரு. கூடவே ஒரு காயிதம் வரும். 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது'ன்னு அடியில ஒரு வரி இருக்கும். பேனாவத் தொறக்கிறதுக்கு முன்னாடி அந்த வரியப் படி. கீறலு சின்னதுன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுக் கூப்பன வாங்கிக்க. பெருசுன்னா, கூப்பன் நல்லாருக்குங்க, கூலியும் சேத்துக் குடுங்கன்னு சிரிச்சிட்டே சொல்லு. வாங்கினப்புறம் அந்த ரெண்டு ஆட்டத்துக்கு மட்டும் அவங்க வாடகைப் பந்த எடுத்து வீசு. லேன் நம்பர் மட்டும் அதே நம்பராக் கேளு.