நான்தான் நான்

மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் நானும் ஒரு பெருந்தலை. அங்கே பாதிப் பேர் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. கடிதத்தின் அடியிலிருக்கும் மின் கையெழுத்துதான் ஆள். என்னுடையதைப் போடும் ரகசியச் சாவி பழைய மடிக்கணினியில் இருந்தது. அந்த மடிக்கணினியை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிடுமுன், தகவல் திருட்டுப் போகக் கூடாதே என்று வட்டைத் துடைத்தெடுத்தவன் நானே. எந்தத் திருடனும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டான்.

1991இல் இத்தகைய சாவிகளுக்கான பிஜிபி மென்பொருளை வெளியிட்ட ஃபில் சிம்மர்மன், என் போன்ற மறதிக்காரர்களுக்கென்று பின்கதவு எதையும் வைக்கவில்லை. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்று விசாரிக்க அங்கே ஆளே கிடையாது. சரி, தொலைந்த சாவி செல்லாது என்று அறிவிக்க ரத்துச் சான்றிதழ் உண்டே? உண்டு. நான் பயன்படுத்தும் அதே வகை மென்பொருளான குனூபிஜியில், 2.1 பதிப்பு முதல் சாவி பிறக்கும்போதே அதுவும் தானாகப் பிறந்துவிடுகிறது. எங்கே? அதே கணினியில். பீரோ சாவியின் நகலை எனக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கும் என் மனைவி இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

புதுச் சாவி செய்ய ஒரு நிமிடம் போதும். அது என்னுடையதுதான் என்று யார் சொல்வது? பழையது கையிலிருந்தால் அதுவே புதியதற்குச் சாட்சி சொல்லும். இல்லாவிட்டால் மனிதர்களைத் தேட வேண்டும். டெபியன் என்ற மென்பொருள் திட்டத்தில் சாவியைத் தொலைத்தவரின் புதுச் சாவிக்கு ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் குறைந்தது இருவர் கையெழுத்திட வேண்டும். எங்கள் குழுவிலும் அதே சட்டம். அதைக் கொண்டுவரச் சொல்லித் தொண்டை வறள வாதாடியவன் அடியேன்.

என் அடையாளத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட, தி.நகர் ஓட்டல் ஒன்றுக்கு இருவர் வந்தார்கள். ஆதார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த ஒருவர், “பான் கார்டு இருக்கா சார்?” என்றார். அதில் தலை நிறைய முடி. சிக்கல் முற்றியது. அடுத்தது சாவியின் கைரேகை: நான்கு நான்காகப் பத்துத் தொகுதி, மொத்தம் 40 எழுத்து. அச்சிட்ட தாளைப் பார்த்து நான் வாசிக்க, அவர்கள் திரையில் சரிபார்க்க வேண்டும். “ஏழு, எஃப், மூணு, டி... டில்லி டி!” பக்கத்து மேஜைப் பெரியவர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். கேரளா லாட்டரி என்று நினைத்திருப்பார். ஏழாவது தொகுதியில் சாம்பார் சிந்தியிருந்தது. வீட்டிலிருக்கும் இன்னொரு தாளை மனைவி போனில் வாசிக்கட்டுமே என்றேன்.

“அவங்க உங்க மனைவிங்கறதுக்கு என்ன அத்தாட்சி சார்?”

கடைசியில் அவளே ஆட்டோ பிடித்துத் தாளோடு வந்தாள். “இவரா? இவரேதான்” என்றாள். அந்தக் குரலில் இருந்த அலுப்பை எந்த மோசடிக்காரனாலும் போலி செய்ய முடியாது. அன்றிரவே இரண்டு கையெழுத்தும் வந்துவிட்டன.

பழைய சாவிதான் சாகவில்லை. காலாவதித் தேதி கேட்டபோது ‘வேண்டாம்’ என்று கம்பீரமாக அழுத்தியிருந்தேன். மற்றவர்கள் பூட்டப் பயன்படுத்தும் அதன் பொதுப் பாதி இன்னும் உலவுகிறது; சாவிகளுக்கான பொதுச் சர்வர்கள் பலவற்றில் ஒருமுறை ஏறியது இறங்காது. ஆகவே நண்பர்களே, அந்தச் சாவியால் பூட்டி எனக்கு எதையும் அனுப்பிவிடாதீர்கள். அதைத் திறக்க முடியாதவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.