சூடு என்றொரு பெட்டி

அந்த நாளில் எங்கள் ஆராய்ச்சிக்கு இரண்டு பகைகள். ஒன்று காசநோய். இன்னொன்று தலைக்கு மேல் சுற்றிய ஃபேன். மே மாதத்து மதியத்தில் அதை நிறுத்தினால் வேர்த்து ஊற்றும். போட்டால் மூன்று மாத உழைப்பு அறை முழுக்கப் பறக்கும்.

1996. மெட்ராஸ் சென்னையாகிக்கொண்டிருந்த வருஷம். தரையில் ஜவுளிக்கடைச் சேலைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்போம். ஒவ்வொரு மூடியிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு தலைப்பு: வெட்கம், பஸ் காசு, மாமியார், டாக்டர் திட்டினார், வாந்தி. நோயாளிகள் பேசியதை டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, கத்தரியால் வெட்டி, எந்தத் துண்டு எந்தத் தலைப்போ அந்தப் பெட்டியில் போடுவோம். இந்தக் கைத்தொழிலுக்குப் பண்புசார் தரவுப் பகுப்பாய்வு என்று பெயர். சீட்டின் மூலையில் நோயாளியின் எண்ணையும் பக்க எண்ணையும் எழுத மறந்தால் அது அநாதைச் சீட்டு. பேசியது யார் என்று கடைசிவரை தெரியாது. அவற்றுக்கும் ஒரு பெட்டி வைத்திருந்தோம். இருந்ததிலேயே கனமான பெட்டி அதுதான் என்பதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

எங்கள் கேள்வி எளிமையானது: ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஏன் இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்? காசநோய்க்காரரை சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1950களின் கடைசியிலேயே உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் இது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம் அதைக் கறாராக எண்களில் காட்டியது. எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பதையும் எண் சொல்லிவிடும். ஏன் விட்டார்கள் என்று கேட்க ஒரு டேப் ரெக்கார்டரும், அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைய ஒரு பெண்ணும் தேவைப்பட்டார்கள். அந்தப் பெண் நான்.

ஒரு மணி நேரக் கேசட்டை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் ஆகும். அதைச் செய்தவர் எங்கள் டைப்பிஸ்ட் அக்கா. திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர், பத்தாவது வரை படித்தவர். நாடா சிக்கினால் நடராஜ் பென்சிலைக் கேசட்டின் ஓட்டையில் விட்டுச் சுற்றுவார். இருமலை (இருமல்) என்று அடிப்பார், அழுகையை (அழுகிறார்) என்று அடிப்பார். ஒருமுறை (ஆடு வந்துவிட்டது) என்றும் அடித்திருந்தார். அந்த ஆடு முக்கியமில்லை என்று பேராசிரியர் சிவப்பு மையால் அடித்தார். ஆட்டை விற்றுத்தான் அந்த வீட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள் என்பது நாலாம் பக்கத்தில் வந்தது.

செங்கல் சூளையில் வேலை செய்த ஓர் அம்மாவின் கேசட் அது. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "மாத்திரை சூடும்மா. அந்தச் சூட்டுக்கு ஏத்த சோறு உள்ள போவணும் இல்ல? சோத்துக்கு எங்க போறது?"

நான் அந்தச் சீட்டை 'வாந்தி' பெட்டியில் போட்டேன். பக்கவிளைவுகள் எல்லாம் அங்கேதான் போகும்.

அக்கா எடுத்து வெளியே வைத்தார். "ஏம்மா, வாந்தி வேற, சூடு வேற. இதுக்குத் தனிப் பெட்டி போடு."

டைப்பிஸ்ட் தலைப்பு வைப்பதா என்று பேராசிரியர் முகம் சுளித்தார். ஆனாலும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. பழைய கட்டுகளை மறுபடி புரட்டியபோது அது நிரம்பத் தொடங்கியது. பால் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது, ஒரு முட்டையாவது வேண்டாமா, வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு கொதிக்கிறது. மாத்திரை இலவசமாகத்தான் கிடைத்தது. அதோடு சேர்ந்து உள்ளே போக வேண்டிய சாப்பாட்டை யாரும் கொடுக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒன்றரை வருஷம் கத்தரி பிடித்தோம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அப்போது இந்தத் துறையில் பேர்பெற்ற மென்பொருளின் பெயர் நியூடிஸ்ட். எண் அல்லாத, ஒழுங்கில்லாத தரவை அட்டவணைப்படுத்தித் தேடிக் கோட்பாடு காண்பது என்ற நீளமான ஆங்கில விளக்கத்தின் முதலெழுத்துகள்தான் அவை. கணக்குப் பிரிவில் அந்த விளக்கத்தை யார் படிப்பார்கள்? கொள்முதல் விண்ணப்பத்தைப் பார்த்த கணக்கர் கண்ணாடியைக் கழற்றி, "மேடம், நிர்வாணக்காரங்களை வச்சு டிபி ஆபீஸ்ல என்ன பண்ணப் போறீங்க?" என்றார். கோப்பு இரண்டு மாதம் அவர் மேஜையிலேயே இருந்தது.

அந்த மென்பொருள் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1981இல் மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ் என்ற சமூகவியலாளர் காகிதத்தில் மூழ்கிக்கொண்டிருந்தார். அவரைக் கரையேற்ற, கணினி தெரிந்த கணவர் டாம் ரிச்சர்ட்ஸ் எழுதிய நிரல் அது. என் கணவரும் கம்ப்யூட்டர்காரர்தான். எனக்கு மளிகை லிஸ்ட்கூட எழுதித் தந்ததில்லை.

1999இல் அதே குடும்பத்திலிருந்து என்விவோ வந்தது. எங்கள் தொழிலில் 'இன் விவோ' குறியீடு என்று ஒன்று உண்டு. பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்லையே மாற்றாமல் தலைப்பாக வைப்பது. அக்கா வைத்த 'சூடு' அப்படிப்பட்ட தலைப்புதான். மென்பொருளின் பெயரே அந்த மரியாதையிலிருந்து வந்தது. அந்த மரியாதையை நாங்கள் எப்படிக் காப்பாற்றினோம் என்று கேளுங்கள்.

எங்களிடம் இருந்தது பாமினி எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று அடித்ததைத் தலைப்புப் பட்டியலுக்கு மாற்றினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பட்டியல் முழுக்க இப்படியே நின்றது. எனவே கூட்டம் போட்டு முடிவெடுத்தோம்: எல்லா நேர்காணலையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உள்ளே ஏற்றிவிடலாம். வெளியே ஓர் ஆளைப் பிடித்தோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

அடுத்த ஆய்வின் முடிவு வந்தபோது திரையில் மரம்போலக் கிளைவிட்ட தலைப்புகளில் 'சூடு' இல்லை. 'காய்ச்சல்' இருந்தது, கொழுத்த கிளையாக. மொழிபெயர்ப்பாளர் சூட்டையெல்லாம் காய்ச்சலாக்கியிருந்தார். குழுவில் இருந்த டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அப்போது மாத்திரை வாரம் மூன்று நாள் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசினை அப்படி விட்டு விட்டுக் கொடுத்தால் சிலருக்குக் குளிர்காய்ச்சல்போல வரும் என்பது மருத்துவப் புத்தகத்தில் உள்ள உண்மை. ஆக, எங்கள் தவறான முடிவுக்கு அறிவியல் ஆதாரமும் கிடைத்துவிட்டது. படத்தோடு அச்சேறியது. பசி அதில் எங்கும் இல்லை. அக்கா அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். நானும் தமிழ் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை. திரையில்தான் எல்லாம் இருந்ததே.

இப்போது யூனிகோடு வந்துவிட்டது, தமிழ் தமிழாகவே நிற்கிறது. ஆனால் மாணவர்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் ஏற்றுகிறார்கள். வழிகாட்டிக்கு வசதி. அவர்களுடைய ஆய்வேடுகளில் 'தரவு என்விவோ மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டது' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. மிக்ஸியில் அரைத்தோம் என்றால் அது தேங்காய்ச் சட்னியா, கொத்தமல்லிச் சட்னியா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால், இதழ்கள் கேட்கின்றன என்கிறார்கள். கேட்கத்தான் செய்கின்றன. 2007இல் வந்த கோரெக் என்ற 32 அம்சப் பட்டியலில் 27ஆவது மென்பொருளைப் பற்றியது. தரவைக் கையாள மென்பொருள் ஏதும் பயன்படுத்தியிருந்தால் எது என்றுதான் அதில் இருக்கிறது. 'இருந்தால்' என்பதை யாரும் படிப்பதில்லை. 'கையாள' என்பது 'பகுப்பாய' ஆகிவிட்டது. கிளேசரும் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மருத்துவமனைகளில் சாகக் கிடந்தவர்களை ஆராய்ந்து, அந்த அனுபவத்திலிருந்து 1967இல் அடிப்படைக் கோட்பாட்டு முறையை எழுதினார்கள். இன்றைக்கு அனுப்பியிருந்தால் மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று கேட்டுத் திருப்பியிருப்பார்கள்.

2023இலிருந்து அட்லஸ்.டிஐ போன்ற மென்பொருள்களில் செயற்கை நுண்ணறிவே தலைப்பும் வைக்கிறது. போன மாதம் ஒரு மாணவி காட்டினாள். ஆஸ்பத்திரியில் எப்படிக் கவனித்தார்கள் என்ற கேள்விக்கு ஒரு பெரியவர், "ராஜ உபசாரம்தான் போ" என்றிருக்கிறார். அது 'சேவையில் திருப்தி' என்ற தலைப்பில் பச்சை நிறத்தில் உட்கார்ந்திருந்தது. நான் சிரித்தேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. ஒலிப்பதிவை அவளும் கேட்டிருக்கவில்லை.

பழைய காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒரு சீட்டு ஒரு பெட்டியில்தான் போகும். இரண்டில் போட இன்னொரு ஜெராக்ஸ் வேண்டும், காசு வேண்டும். எங்கள் முடிவுக்கு ஒத்துவராத சீட்டுகள் எப்படியோ ஃபேன் காற்றில் கட்டிலுக்கடியில் போய்விடும். 'முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் மட்டும் மாமியாரைப் பற்றிச் சொன்னது என்ன' என்று பேராசிரியர் ஒருநாள் கேட்டார். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நியூடிஸ்ட் அதைக் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடும். நல்ல குமாஸ்தா. அந்தக் குமாஸ்தாவைப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது நாங்கள்.

2018 ஏப்ரலிலிருந்து காசநோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் அரசு தந்துவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. செய்தியைப் படித்த அன்று பரணில் ஏறினேன். நியூடிஸ்ட் ஃபிளாப்பிகள் இருந்தன, போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. காய்ச்சல் ஃபைலை இப்போதைய பதிப்பு திறக்க மறுக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. மயில்கழுத்துப் பெட்டியில் சீட்டுகள் மஞ்சளாகி, ஓரம் பூச்சி அரித்து, ஆனாலும் படிக்கும்படி இருந்தன. அடியில் அந்த அம்மாவின் கேசட், பெயர் இல்லாமல் எண் மட்டும் எழுதியது. அவர் 'சூடு' என்றாரா, 'சுடுது' என்றாரா என்று எனக்கு இப்போது சந்தேகம். ஓடுகிற நிலையில் டேப் ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து கேட்டுவிட்டுப் போகிறேன். பென்சில் இருக்கிறது.